ஈப்போவில் பிறந்த தந்தை செல்வா

இலங்கைத் தமிழர்கள் தந்தை செல்வா என்றழைக்கும் சா. ஜே. வே. செல்வநாயகம், 1898 மார்ச் 31இல் நம் ஈப்போவில் பிறந்தவர். பிரிக்பீல்ட்ஸ், கிள்ளான் வட்டாரத்தில் இது எத்தனை பேருக்குத் தெரியும்? சிறு வயதிலேயே தெல்லிப்பழைக்குப் போய், பின்னர் வழக்கறிஞரானார்.

1948இல் இலங்கை அரசு மலையகத் தோட்டத் தொழிலாளர்களின் குடியுரிமையைச் சட்டம் போட்டுப் பறித்தது. சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்த நம் தோட்டக் குடும்பங்களுக்கு அந்த வலி புரியும். அவருடைய கட்சித் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலமோ அதே அரசில் அமைச்சரானார். செல்வநாயகம் பிரிந்து வந்தார். 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கிக் கூட்டாட்சி கேட்டார். இத்தனைக்கும் பறிபோனது அவருக்கு ஓட்டுப் போட்ட யாழ்ப்பாணத்தார் உரிமையல்ல, தேயிலை பறித்தவர்களின் உரிமை.

1952இல் தோற்றார், 1956இல் வென்றார். 1957இல் பிரதமர் பண்டாரநாயக்காவுடன் பிராந்திய சபைகளுக்கு ஒப்பந்தம் செய்தார். பிக்குகள் எதிர்த்ததால் மறு ஆண்டே அது கைவிடப்பட்டது. 1965இல் டட்லி சேனநாயக்காவோடு செய்ததும் நிறைவேறவில்லை. கூட்டாட்சியே போதும் என்றிருந்தவர், 1976இல் வட்டுக்கோட்டையில் தனிநாட்டுத் தீர்மானத்துக்குத் தலைமை தாங்கினார். 1977 ஏப்ரல் 26இல் காலமானார்.