போர் வரும் என்று மிரட்டினார்கள்!

சந்தையிலே அதே பேச்சு. சத்திரத்திலே அதே பேச்சு. வழிபாட்டுக் கூடத்திலும் வழக்கு மன்றத்திலும் அதே பேச்சு. உள்நாட்டுப் போர் மூளுமா? 1860-ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் அமெரிக்க நாடு இப்படித்தான் நடுங்கிக் கிடந்தது. அயலான் படை கட்டி வந்தால் எல்லையிலே தடுக்கலாம். அண்ணனும் தம்பியும் ஆளுக்கொரு துப்பாக்கி ஏந்தினால், எந்த எல்லையிலே நின்று தடுப்பது? அச்சம் பொய்யல்ல. ஆனால் தோழர்களே, அந்த அச்சத்தை ஊதி ஊதி வளர்த்தவர் யார், அதைக் காட்டி ஆதாயம் தேடியவர் யார்? இதைக் கேட்டால்தான் ஆபிரகாம் லிங்கனின் வாழ்க்கை நமக்கு விளங்கும்.

1809 பிப்ரவரி 12-ல், கெண்டக்கி மாநிலத்தில், மரக்கட்டை அடுக்கிக் கட்டிய குடிசையிலே பிறந்தவர். தந்தை தச்சர், உழவர். ஒன்பது வயதில் தாயை இழந்தார். பள்ளி சென்ற நாட்களையெல்லாம் கூட்டினாலும் ஓராண்டு தேறாது. கோடரி பிடித்து வேலிக்கட்டை பிளந்தார்; படகிலே சரக்கேற்றி நியூ ஆர்லியன்ஸ் வரை போனார்; கடை வைத்தார், கடன்பட்டார்; தாமே படித்து வழக்கறிஞரானார். 1841-ல் நீராவிக் கப்பலொன்றில், சங்கிலியால் பிணைக்கப்பட்ட கறுப்பு அடிமைகளைக் கண்டார். பதினான்கு ஆண்டுகள் கழித்தும் அந்தக் காட்சி தம்மை வதைப்பதாக நண்பருக்கு எழுதினார். நண்பர் யார் தெரியுமா? அவரே அடிமைகளை வைத்திருந்தவர்!

தெற்கே பஞ்சுப் பண்ணைகள். பண்ணைகளிலே கசையடி பட்டு உழைத்தவர் ஏறத்தாழ நாற்பது இலட்சம் அடிமைகள். அந்தப் 'பொருள்' மீது எவரேனும் விரல் வைத்தால், பிரிந்துவிடுவோம், இரத்தம் ஆறாக ஓடும் என்று சீறினர் பஞ்சுச் சீமான்கள். வடக்கே இருந்த பெரியவர்கள், அமைதி காக்கிறோம் என்று ஒவ்வொரு முறையும் விலை கொடுத்தனர். 1820-ல் மிசௌரியை அடிமை மாநிலமாக்கிக் கொடுத்தனர். 1850-ல், தப்பியோடும் அடிமையை வடக்கத்தியானே பிடித்துத் தரவேண்டும் என்ற கொடுஞ்சட்டம். 1854-ல், அடிமை முறைக்குப் போட்டிருந்த எல்லைக்கோட்டையும் ஸ்டீபன் டக்ளஸ் கொண்டுவந்த சட்டம் அழித்தது. வாங்கியவர்கள் அடங்கினார்களா? கான்சாஸ் மண்ணிலே குடியேறியவர்கள் ஒருவரையொருவர் வெட்டி மாண்டனர். 1856-ல், செனட் சபைக்குள்ளேயே, அடிமை முறையைக் கண்டித்துப் பேசிய சார்லஸ் சம்னரைக் கைத்தடியால் அடித்து வீழ்த்தினார் பிரஸ்டன் புரூக்ஸ். அடித்தவருக்குத் தெற்கிலிருந்து புதுப்புதுக் கைத்தடிகள் பரிசாக வந்தன! விலை கொடுத்து வாங்கிய அமைதியின் அழகு இது.

கான்சாஸ் சட்டம்தான் லிங்கனை மீண்டும் அரசியல் மேடைக்கு இழுத்து வந்தது. 1858-ல் ஸ்டீபன் டக்ளசுடன் ஏழு ஊர்களிலே வாதிட்டார். செனட் பதவி கிட்டவில்லை. 1860 நவம்பரில் நாட்டின் தலைவராகவே வென்றார். நூற்றுக்கு நாற்பது வாக்கு. பத்துத் தென் மாநிலங்களில் ஒரு வாக்குகூட இல்லை. பதவி ஏற்குமுன்பே ஏழு மாநிலங்கள் பிரிந்தன.

பிறகு பாருங்கள் கூக்குரலை! தெற்கோடு வாணிபம் செய்த நியூயார்க் முதலாளிகள் பணம் போகுமே என்று பதறினர். அந்நகர மேயர், நகரமே தனித்து நிற்கலாம் என்றார். கிரிட்டெண்டன் என்ற செனட்டர், கோட்டுக்குத் தெற்கே அடிமை முறை நிலைக்கட்டும் என்றொரு சமரசம் தயாரித்தார். லிங்கன் தலையசைத்திருந்தால் அன்றைக்குப் புயல் ஓய்ந்திருக்கலாம். அவர் அசைக்கவில்லை. புதிய நிலத்திலே அடிமை முறை கால் வைக்கக்கூடாது, இதிலே இம்மியும் இளகாதீர்கள் என்று கட்சித் தோழர்களுக்கு ஊரிலிருந்தே கடிதம் எழுதினார்.

அவர் போரை விரும்பினாரா? இல்லை. ஏற்கெனவே அடிமை முறை உள்ள மாநிலங்களில் கைவைக்க மாட்டேன் என்று 1861 மார்ச் 4-ல் பதவியேற்றபோது உறுதி கூறினார். நமக்கு இது கசக்கிறது. அடிமைத் தளையிலிருந்து தப்பிவந்து பேனா பிடித்த பிரடரிக் டக்ளசுக்கும் (முன்னே சொன்ன டக்ளஸ் வேறு, இவர் வேறு) அன்றே கசந்தது. அந்த உரையைக் கடுமையாகச் சாடினார். சாடியது முறையே என்போம். ஆனால் அந்த அளவு இறங்கி வந்தவரையும் பஞ்சுச் சீமான்கள் விடவில்லை. ஏப்ரல் 12-ல் சம்டர் கோட்டை மீது அவர்களுடைய பீரங்கிதான் முதலில் முழங்கிற்று.

நான்காண்டுப் போர். ஆறு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். லிங்கனுடைய மைத்துனர்களே எதிரணியில் நின்றனர். 1863 ஜனவரி முதல் நாள், கிளர்ச்சிப் பகுதி அடிமைகளுக்கு விடுதலை அறிவித்தார். அமெரிக்கப் பஞ்சு வராமல் இங்கிலாந்தின் லங்காஷயர் ஆலைகள் ஓய்ந்து, தொழிலாளர் பட்டினி கிடந்த நேரம் அது. ஆயினும் மான்செஸ்டர் தொழிலாளர் கூட்டம் கூட்டி, அடிமை முறையை ஒழியுங்கள், உம் பக்கம் நிற்கிறோம் என்று லிங்கனுக்கு எழுதினர். அவர் நன்றி கூறிப் பதில் எழுதினார். முதலாளிகளுக்கு இல்லாத துணிவு வெறும் வயிற்றுக்கு இருந்தது!

1861 பிப்ரவரியில், பதவியேற்க வாஷிங்டன் சென்றபோது, பால்ட்டிமோர் நகரிலே கொலைச் சதி என்று கேள்விப்பட்டு, நள்ளிரவுக்குப் பின் ஊர் உறங்கும் வேளையில் மறைவாகக் கடந்தார். ஏடுகள் எள்ளி நகையாடின. 1865 ஏப்ரல் 14-ல் நாடக அரங்கிலே சுடப்பட்டு, மறுநாள் காலை இறந்தார். ஏப்ரல் 21-ல் சடலம் ஏற்றிய இரயில் வாஷிங்டனிலிருந்து புறப்பட்டது. அது முதலில் நின்ற ஊர் அதே பால்ட்டிமோர். பட்டப்பகலில், பேழையைக் காண ஆயிரமாயிரம் பேர் அங்கே வரிசையில் காத்து நின்றனர்.