கொழும்பில் படித்துத் திரும்பிய சி.வி.

சி.வி. என்றால் வடக்கில் இன்று வேறொருவர் நினைவுக்கு வருவார். மலையகத்தில் எங்களுக்கு அது சி.வி. வேலுப்பிள்ளைதான். பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் படிப்பிக்கும் நான், உயர்தரம் எடுக்க ஆசைப்படும் பிள்ளைகளுக்கு அவரைப் பற்றிச் சொல்வதுண்டு. 1977, 1983 வன்செயல்களுக்குப் பின் ஊவாத் தோட்டங்களை விட்டு வன்னிக்குப் போய், அங்கேயும் போரில் அகப்பட்ட நம் உறவுகளின் பிள்ளைகளும் அவரை அறிய வேண்டும்.

அவர் பதுளைக்காரர் அல்ல. 1914இல் வட்டகொடைக்கு அருகே மடக்கும்புர தோட்டத்தில் பிறந்தவர். லயத்தில் பிறந்தவருமல்ல, பெரியகங்காணி குடும்பம். இதை மறைக்கக் கூடாது. 1907ஆம் ஆண்டுச் சட்டம் 6 முதல் 10 வயது வரையான பிள்ளைகளுக்குக் கல்வி கொடுக்கும்படி தோட்ட உரிமையாளரைக் கேட்டது. நடைமுறையில் கிடைத்தது ஒரு கொட்டகை, ஒரு வாத்தியார். பத்து வயதானால் கொழுந்துக் கூடையோ புல்வெட்டோ காத்திருக்கும். மேலே படிக்க நகரத்துக்குப் போகவேண்டும். அதற்கான காசு பெரியகங்காணி வீட்டில்தான் இருந்தது.

ஹட்டனில் படித்தவர் கொழும்பு நாலந்தா வித்தியாலயத்துக்குப் போனார். சிங்கள பௌத்தப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுந்த பாடசாலை அது. அங்கே ஒரு தோட்டத்துத் தமிழ்ப் பையன்! ஆங்கிலம் அவர் கைக்கு வந்தது. 1934இல் தாகூர் இலங்கை வந்தபோது நேரில் போய்ச் சந்தித்தார். அப்போது வயது ஏறத்தாழ இருபது.

அப்படிப் படித்தவர் கொழும்பிலேயே வசதியாக இருந்திருக்கலாம். தோட்டத்துக்கே திரும்பித் தொழிற்சங்கத்தில் சேர்ந்தார். 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் சார்பில் ஏழு பேர் வென்றார்கள். பதுளையில் எஸ்.எம். சுப்பையா, தலவாக்கலையில் வேலுப்பிள்ளை. மறுவருடமே குடியுரிமைச் சட்டம் வந்தது. அடுத்து வாக்குரிமையும் போனது. 1952இல் அவர்களை அனுப்பிய மக்களுக்கு வாக்குச்சீட்டே இல்லை.

பள்ளிக்கூடத்திலும் அதே புறக்கணிப்புத்தான். கன்னங்கராவின் இலவசக் கல்வி 1945இல் நாட்டுப் பிள்ளைகளுக்குக் கதவு திறந்தது. தோட்டப் பாடசாலைகள் வெளியே நின்றன. அரசு அவற்றைப் பொறுப்பேற்க எழுபதுகளின் கடைசி ஆயிற்று. அந்த இடைவெளியில் ஒரு தலைமுறைக்கு மேல் போய்விட்டது. எங்கள் பிள்ளைகள் பலருக்கு இன்றும் கொழும்பு என்றால் கடை வேலை, வீட்டு வேலை. 2005இல் பதுளையிலேயே ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் திறந்தது. அதற்குள் நுழைய விஞ்ஞானமும் கணிதமும் சொல்லிக்கொடுக்க ஆசிரியர் வேண்டுமே.

வேலுப்பிள்ளை தோட்டத்து வாழ்க்கையை ஆங்கிலக் கவிதையாக எழுதினார். தொழிலாளரில் எத்தனை பேருக்கு அது புரிந்திருக்கும்? சக்தி பாலையா அதைத் தமிழாக்கி, தேயிலைத் தோட்டத்திலே என்ற பெயரில் 1969இல் வந்தது. வீடற்றவன் என்று நாவலும் எழுதினார். ஆனால் என் கணக்கில் பெரிய வேலை வேறு. கொழுந்து மலையிலும் தாலாட்டிலும் ஒப்பாரியிலும் பாடப்பட்ட பாட்டுகளைக் கேட்டுக் கேட்டு எழுதி வைத்தார். எழுத்தறியாத நம் பாட்டிமார் கட்டிய பாட்டுகள் அவை.

1984 நவம்பரில் காலமானார். முந்தைய வருடம் ஜூலையில்தான் பதுளை நகரத்துத் தமிழர் கடைகள் எரிந்திருந்தன. லொறி ஏறி வன்னிக்குப் போனவர்களோடு அந்தப் பாட்டுகளில் சிலவும் போயின.