குழந்தைகளை மரணத்திலிருந்து மீட்ட மருத்துவர்: இன்சுலின் கண்ட ஃபிரெடரிக் பேன்டிங்கின் வாழ்க்கை

ஜவாஹர்லால் நேருவின் பிறந்த நாளான நவம்பர் 14, இந்தியாவில் குழந்தைகள் தினமாகக் கொண்டாடப்படுகிறது. உலக நாடுகள் அதே நாளை நீரிழிவு தினமாகக் கடைப்பிடிக்கின்றன. நேரு பிறந்து சரியாக இரண்டு ஆண்டுகள் கழித்து, 1891-ஆம் ஆண்டு அதே தேதியில் பிறந்த கனடா மருத்துவர் ஃபிரெடரிக் பேன்டிங்கை நினைவுகூரும் நாள் அது. அவரது கண்டுபிடிப்பால் முதலில் உயிர் பிழைத்தவர்களும் குழந்தைகளே.

ஒன்டாரியோ மாகாணத்தில் அலிஸ்டன் என்ற சிற்றூருக்கு அருகே, விவசாயக் குடும்பத்தின் ஐந்து பிள்ளைகளில் கடைக்குட்டியாகப் பிறந்தார் பேன்டிங். டொரன்டோ பல்கலைக்கழகத்தில் கலைப் பாடப்பிரிவில் சேர்ந்த அவர், 1912-இல் மருத்துவப் படிப்புக்கு மாறினார். முதலாம் உலகப் போர் மூண்டதால், 1916-இல் பட்டம் பெற்றதும் ராணுவ மருத்துவப் பிரிவில் இணைந்தார். 1918-இல் பிரான்ஸின் காம்ப்ரே போர்க்களத்தில் குண்டுச் சிதறல் பாய்ந்து கையில் காயமுற்ற நிலையிலும், மற்ற வீரர்களுக்குச் சிகிச்சை அளித்தார். அந்தத் தீரத்துக்காக அவருக்கு ராணுவச் சிலுவைப் பதக்கம் வழங்கப்பட்டது.

நாடு திரும்பியவருக்கு வாழ்க்கை எளிதாக அமையவில்லை. 1920-ஆம் ஆண்டு ஒன்டாரியோவின் லண்டன் நகரில் அவர் தொடங்கிய மருத்துவமனைக்கு நோயாளிகள் வரவில்லை. முதல் மாத வருமானம் வெறும் 4 டாலர். பிழைப்புக்காக உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் பகுதிநேரமாகப் பாடம் எடுத்தார்.

அன்றைய நாளில் சிறுவர்களுக்கு நீரிழிவு வந்தால் அது மரண தண்டனைக்கு ஒப்பானது. உணவில் உள்ள மாவுச்சத்து குளுக்கோஸாக மாறி ரத்தத்தில் கலக்கிறது. அதை உடலின் செல்களுக்குள் கொண்டு சேர்ப்பது கணையம் சுரக்கும் இன்சுலின். அது சுரக்காவிட்டால் ரத்தத்தில் சர்க்கரை நிறைந்திருந்தும் உடல் பட்டினியால் வாடும். கொழுப்பு சிதைந்து, நச்சுத்தன்மை கொண்ட அமிலங்கள் பெருகி, நோயாளி மயக்க நிலைக்குச் சென்று இறந்துவிடுவார். அதைச் சிறிது காலம் தள்ளிப்போட மருத்துவர்களிடம் இருந்த ஒரே வழி, உணவைக் கடுமையாகக் குறைப்பது. நோயால் சாகாத குழந்தைகள் பட்டினியால் எலும்பும் தோலுமாயினர்.

கணையத்தை அகற்றினால் நாய்க்கு நீரிழிவு வருவதை ஜெர்மானிய ஆய்வாளர்கள் 1889-லேயே நிறுவியிருந்தனர். ஆனால் கணையத்தின் உட்சுரப்பைச் சிதையாமல் பிரித்தெடுக்க முயன்ற பலரும் வெற்றிபெறவில்லை. 1920 அக்டோபர் 31-ஆம் தேதி இரவு, மறுநாள் வகுப்புக்குத் தயாரான பேன்டிங், கணையம் குறித்த ஆய்வுக் கட்டுரை ஒன்றைப் படித்தார். கணைய நாளத்தைக் கட்டிவிட்டால் செரிமானச் சாறு சுரக்கும் பகுதி அழிந்துபோகும், எஞ்சிய பகுதியிலிருந்து மருந்தை எடுக்கலாம் என்ற எண்ணம் நள்ளிரவுக்குப் பின் அவருக்குத் தோன்றியது. எழுந்து அதைக் குறித்து வைத்தார்.

டொரன்டோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் மெக்லியோட் தயக்கத்துடனே ஆய்வகத்தையும் சில நாய்களையும் உதவிக்கு ஒரு மாணவரையும் அளித்தார். இரு மாணவர்களில் யார் முதலில் செல்வது என்பது நாணயத்தைச் சுண்டி முடிவு செய்யப்பட்டது. அவ்வாறு வந்தவர் சார்லஸ் பெஸ்ட். 1921 மே மாதம் தொடங்கிய சோதனைகளில் நாய்கள் பல இறந்தன. எனினும் கோடைக்காலம் முடிவதற்குள், கணையச் சாறு செலுத்தப்பட்ட நாய்களின் ரத்தச் சர்க்கரை குறைவதை இருவரும் கண்டனர். நாளத்தைக் கட்டும் முறை தேவையே இல்லை என்பதும், மாட்டின் கணையத்திலிருந்தே மருந்தைப் பெற முடியும் என்பதும் பின்னர் தெளிவாயிற்று. அதே ஆண்டில் ருமேனியாவின் நிகோலாய் பவுலெஸ்குவும் இத்தகைய ஆய்வு முடிவுகளை வெளியிட்டிருந்தார்.

1922 ஜனவரி 11-ஆம் தேதி, டொரன்டோ பொது மருத்துவமனையில் சாகும் தறுவாயில் இருந்த 14 வயதுச் சிறுவன் லெனார்டு தாம்ப்சனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. மருந்தில் மாசு கலந்திருந்ததால் எதிர்பார்த்த பலன் கிடைக்கவில்லை. உயிர்வேதியியலாளர் ஜேம்ஸ் காலிப் இரவு பகலாக உழைத்து அதைச் சுத்திகரித்தார். ஜனவரி 23-ஆம் தேதி மீண்டும் செலுத்தியபோது சிறுவனின் சர்க்கரை அளவு இறங்கியது. அவன் உடல் தேறியது. அதன் பிறகு அவர் 13 ஆண்டுகள் உயிர் வாழ்ந்தார். அந்த ஆகஸ்டில் பேன்டிங்கிடம் வந்த அமெரிக்க வெளியுறவு அமைச்சரின் மகள் எலிசபெத் ஹியூஸ், 1981 வரை வாழ்ந்தார்.

மருந்தின் காப்புரிமையைப் பேன்டிங், பெஸ்ட், காலிப் ஆகியோர் தலா ஒரு டாலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். 1923-ஆம் ஆண்டு நோபல் பரிசு பேன்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் அறிவிக்கப்பட்டது. பெஸ்ட் விடுபட்டதால் கொதித்தெழுந்த பேன்டிங், தமது பரிசுத் தொகையில் பாதியை அவருக்கு அளித்தார். மெக்லியோட் தமது பங்கைக் காலிப்புடன் பகிர்ந்துகொண்டார். கண்டுபிடிப்பின் பெருமை யாருக்கு என்ற பிணக்கு நால்வரிடையே நெடுங்காலம் நீடித்தது. 32 வயதில் மருத்துவ நோபல் பெற்ற பேன்டிங்கின் சாதனையை வேறு எவரும் இன்றுவரை முறியடிக்கவில்லை.

இன்சுலின் நோயைக் கட்டுப்படுத்துமே தவிர அடியோடு குணப்படுத்தாது என்பதைப் பேன்டிங் தமது நோபல் உரையிலேயே தெளிவுபடுத்தினார். காலம் அதை உறுதி செய்தது. நீரிழிவாளர்கள் நீண்ட நாள் வாழத் தொடங்கிய பிறகே, கட்டுப்படாத சர்க்கரை விழித்திரை, சிறுநீரகம், நரம்பு, ரத்தக் குழாய் ஆகியவற்றை மெல்லச் சிதைப்பது பரவலாகத் தெரியவந்தது. பாதத்தில் உணர்ச்சி குன்றுவதால் சிறு புண்ணும் காலை இழக்கும் அளவுக்கு முற்றக்கூடும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தால் இப்பாதிப்புகளைப் பெருமளவு தவிர்க்கலாம் என்பதை, முதல் வகை நீரிழிவாளர்களிடம் நடத்தப்பட்டு 1993-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு நிரூபித்தது.

இன்று இன்சுலின் அறவே சுரக்காத முதல் வகையினருக்கு ஊசி இன்றியமையாதது. மிகப் பெரும்பாலோருக்கு உள்ள இரண்டாம் வகைக்கு உணவுக் கட்டுப்பாடு, உடற்பயிற்சி, மாத்திரைகள் ஆகியவையும், தேவைப்பட்டால் இன்சுலினும் பரிந்துரைக்கப்படுகின்றன. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி பரிசோதனை, ரத்த அழுத்தக் கண்காணிப்பு, ஆண்டுதோறும் கண், சிறுநீரக, பாதப் பரிசோதனை ஆகியவை அவசியமானவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேர் நீரிழிவாளர்கள், மேலும் 13.6 கோடி பேர் நீரிழிவுக்கு முந்தைய நிலையில் உள்ளனர்.

1934-இல் சர் பட்டம் பெற்ற பேன்டிங், ஓய்வு நேரத்தில் ஓவியம் தீட்டினார். இரண்டாம் உலகப் போரின்போது விமானிகளின் உடல்நலம் தொடர்பான ஆய்வுகளில் ஈடுபட்டார். 1941 பிப்ரவரியில் பிரிட்டனுக்குப் புறப்பட்ட அவரது விமானம் நியூஃபவுண்ட்லாந்தில் விழுந்து நொறுங்கியது. அதில் படுகாயமடைந்து உயிரிழந்தபோது அவருக்கு வயது 49.

அந்த இரவில் அவர் விழித்திருந்த லண்டன் நகர வீடு தற்போது அருங்காட்சியகமாக உள்ளது. அங்கு 1989-இல் ஏற்றப்பட்ட நம்பிக்கைச் சுடர், நீரிழிவை முற்றிலும் குணமாக்கும் வழி கண்டறியப்படும் நாளில்தான் அணைக்கப்படும். அது இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது.