டைனமைட் நோபலுக்கு டாக்டர் எழுதிய நெஞ்சுவலி மருந்து!

நைட் ஷிஃப்ட்டுக்கு ஒரகடம் போகும் கம்பெனி பஸ்ஸில் இருபது வயசுப் பசங்க மட்டும் இல்லை. செக்யூரிட்டி, கேன்டீன் வேலைகளுக்குப் போகும் ஐம்பதைத் தாண்டியவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் சிலரது பையில், நெஞ்சு இறுக்கிப் பிடித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் குட்டி மாத்திரை இருக்கும். அது உங்க அப்பாவாக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம். அந்த மாத்திரையின் கதை ஒரு வெடிமருந்து முதலாளியின் வாழ்க்கையோடு பின்னிக்கிடக்கிறது. அவர் ஆல்ஃபிரட் நோபல். ஆமாம், நோபல் பரிசு நோபலேதான்!

1833-ல் ஸ்டாக்ஹோமில் பிறந்தார் நோபல். அந்த வருஷமே அப்பா திவால். பிழைப்புக்காகக் குடும்பம் ரஷ்யாவுக்குப் போனது. நோஞ்சான் பிள்ளை, ஆனா படிப்புல கெட்டி. பாரிஸுக்கு வேதியியல் கற்கப் போன இடத்தில்தான் நைட்ரோகிளிசரின் அவருக்கு அறிமுகமானது. இத்தாலியரான அஸ்கானியோ சொப்ரேரோ 1847-ல் உருவாக்கிய திரவம் அது. துளி நாக்கில் பட்டாலே மண்டையைப் பிளக்கும், தட்டினால் வெடிக்கும். சொப்ரேரோ மிரண்டுபோன அந்தச் சமாச்சாரத்தை நோபல் தைரியமாகக் கையில் எடுத்தார்.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது. 1864 செப்டம்பர் 3-ம் தேதி ஸ்டாக்ஹோமில் இருந்த தொழிற்கூடம் வெடித்துச் சிதறியதில், தம்பி எமிலும் இன்னும் சிலரும் இறந்தார்கள். நகருக்குள் இனி இந்த வேலையே கூடாது என்று தடை வந்தது. நோபல் ஏரியில் ஒரு படகை நிறுத்தி, அதில் வேலையைத் தொடர்ந்தார். 1867-ல் ஒருவகை நுண்மண்ணில் நைட்ரோகிளிசரினை ஊறவைத்து, டைனமைட்டுக்குக் காப்புரிமை வாங்கினார். பிறகென்ன, நாடு நாடாக ஆலைகள், மலைமலையாகப் பணம். கல்யாணம் மட்டும் செய்துகொள்ளவில்லை.

டைனமைட் ஆலைத் தொழிலாளர்கள் விஷயத்துக்கு வருவோம். நம்ம காரிடார்க்காரங்க கவனிக்க வேண்டிய இடம் இதுதான். லீவு முடிந்து திங்கள்கிழமை வேலைக்கு வந்தால் அவர்களுக்குத் தலைவலி பின்னியெடுக்கும். ஓரிரு நாளில் பழகிவிடும். ஞாயிறு வீட்டில் இருந்தால் பழக்கம் விட்டுப்போய், திங்களன்று மறுபடி ஆரம்பம். இதற்குப் பயந்து தொப்பிக்குள் கொஞ்சம் நைட்ரோகிளிசரினைத் தடவிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்களும் உண்டாம்! சிலருக்கோ, மருந்தின் வாடை படாத லீவு நாளில்தான் நெஞ்சுவலியே வந்தது.

நைட்ரேட் வகை மருந்துக்கு உடம்பு சீக்கிரம் பழகிவிடும் என்பதுதான் காரணம். பழகிவிட்டால் மாத்திரை வேலை செய்யாது. அதனால்தான் தினமும் விழுங்கும் நைட்ரேட் மாத்திரைகளை டாக்டர்கள் ஒரு நாளில் பத்து மணி நேரமாவது இடைவெளி கிடைக்கிற மாதிரி எழுதுகிறார்கள். பொதுவாக அந்த இடைவெளி தூங்கும் நேரத்தில் வரும். ஆனா உங்களுக்கு நைட் ஷிஃப்ட் என்றால்? ஓடியாடி வேலை பார்க்கும் நேரத்தில் மருந்து இல்லாமல் போய்விடும். வாரம் ஒரு ஷிஃப்ட் மாறுகிறவர்கள் இதை டாக்டரிடம் சொல்லியே ஆகணும். நீங்களாக நேரத்தை மாற்றுவது, வீக்லி ஆஃப்தானே என்று மாத்திரையை விடுவது, இரண்டுமே ஆபத்து. கூடவே எழுதித்தரும் பீட்டா பிளாக்கரையும் திடீரென்று நிறுத்தக் கூடாது.

நோபலுக்கும் கடைசியில் நெஞ்சுவலி வந்தது. அதற்குள் மருத்துவ உலகம் மாறியிருந்தது. லண்டன் மருத்துவர் வில்லியம் முரெல் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து, இந்த மருந்து ஆஞ்சைனாவுக்குக் கேட்கும் என்று 1879-ல் எழுதிவிட்டார். 1896-ல் நோபலின் டாக்டர்கள் அவருக்கு எழுதித்தந்தது அதே நைட்ரோகிளிசரின்தான்! வெடிமருந்தின் பெயரைக் கேட்டு மருந்துக்கடைக்காரரும் மக்களும் பயப்படக் கூடாதே என்று டிரைநைட்ரின் எனப் பெயரை மாற்றிவைத்திருந்தார்கள். விதியின் இந்த விளையாட்டை நோபலே தன் உதவியாளருக்குக் கடிதத்தில் எழுதினார்.

நம்ம ஊரில் பலரும் வைத்திருக்கும் சார்பிட்ரேட், இதன் நெருங்கிய சொந்தம். வலி வந்தால் முதலில் வேலையை விட்டு உட்காருங்க. நின்றபடி போட்டால் பிரஷர் சரிந்து விழுந்துவிடலாம்; பக்கத்தில் மெஷின் இருந்தால் சொல்லவே வேண்டாம். நாக்குக்கு அடியில் ஒரு மாத்திரை. 5 நிமிடத்தில் குறையவில்லையா, அல்லது கூடுகிறதா? உடனே 108. பைக்கை எடுத்துக்கொண்டு நீங்களே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பாதீங்க. இன்னொரு மாத்திரை போடலாமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டு வைத்திருங்க. ஆண்மைக்குறைவுக்கான சில்டெனாஃபில், டடலாஃபில் மாத்திரைகளோடு நைட்ரேட் சேரவே கூடாது; பிரஷர் உயிர் போகிற அளவுக்கு இறங்கிவிடும். கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்க. பக்கத்து சீட்காரருக்கு நெஞ்சுவலி என்றால் உங்க மாத்திரையைக் கொடுக்கவும் வேண்டாம்.

1896 டிசம்பர் 10-ம் தேதி, இத்தாலியின் சான் ரெமோவில் நோபல் இறந்தார். அவரை வீழ்த்தியது மூளையில் ஏற்பட்ட ரத்தக்கசிவு. முந்தைய வருஷம் பாரிஸில் கையெழுத்திட்ட உயிலில், சொத்தின் பெரும்பகுதியைப் பரிசுகளுக்கு ஒதுக்கியிருந்தார். மருத்துவமும் அதில் உண்டு. நைட்ரோகிளிசரின் உடம்புக்குள் நைட்ரிக் ஆக்ஸைடாக மாறித்தான் ரத்தக்குழாயைத் தளர்த்துகிறது என்பது அவர் காலத்தில் யாருக்கும் தெரியாது. நைட்ரிக் ஆக்ஸைடின் அந்த வேலையைக் கண்டுசொன்ன ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவருக்கும் 1998-ல் மருத்துவத்துக்கான பரிசு கிடைத்தது. பணம், டைனமைட் விற்ற நோபலுடையது.