ஒரே ஒரு டெஸ்ட்.. கைநழுவிய ஒலிம்பிக் தங்கம்.. யார் இந்த எம்.ஜே.கோபாலன்?

சின்ன காஞ்சிபுரத்தில் வரதராஜப் பெருமாள் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் லீவு நாளில் பேட்டும் பாலுமா திரியுற பசங்ககிட்ட தோனி, அஸ்வின் பத்திக் கேட்டா மணிக்கணக்கில் பேசுவாங்க. ஆனா எம்.ஜே.கோபாலன் யாருன்னு கேட்டா பதில் வருமா? சந்தேகம்தான்.

இத்தனைக்கும் அவர் இந்த மண்ணுக்காரர். கிரிக்கெட், ஹாக்கி என இரண்டு விளையாட்டுகளில் இந்தியாவுக்காக ஆடியவர். ரஞ்சிக் கோப்பையின் முதல் பந்தை வீசியவர். அப்படிப்பட்டவரின் டெஸ்ட் கணக்கு வெறும் 18 ரன், 1 விக்கெட். ஏன் இப்படி ஆனது? பார்க்கலாம்.

கிராமத்தில் இருந்து திருவல்லிக்கேணி

பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் உள்ள மொறப்பாக்கம்தான் கோபாலனின் சொந்த ஊர். காஞ்சிபுரமும் அப்போது அதே மாவட்டத்தில்தான் இருந்தது. பதிவுகளின்படி அவர் பிறந்தது 1909 ஜூன் 6. வசதி இல்லாத குடும்பம். சின்ன வயசிலேயே குடும்பம் சென்னை திருவல்லிக்கேணிக்குக் குடிவந்தது.

அங்கேதான் அவருக்குத் திருப்பம். சென்னை கிரிக்கெட்டை வளர்த்தவர்களில் ஒருவரான ஆங்கிலேயர் சி.பி.ஜான்ஸ்டனின் கண்ணில் கோபாலனின் வேகப்பந்து பட்டது. பர்மா ஷெல் நிறுவனத்தில் வேலையும், திருவல்லிக்கேணி கிரிக்கெட் கிளப்பில் ஆடும் வாய்ப்பும் கிடைத்தன. கிரிக்கெட் ஆடினால் சம்பளம் வராத காலம் அது. மாசம் பொறந்தா கைக்கு வரும் ஒரு சம்பளம்தான் ஏழை வீட்டுப் பையனை மைதானத்தில் நிற்க வைத்தது.

ஒரே டெஸ்ட்.. அதோடு சரி!

1934 ஜனவரி. ஜார்டின் தலைமையிலான இங்கிலாந்து அணி இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்தது. கல்கத்தா ஈடன் கார்டனில் நடந்த இரண்டாவது டெஸ்டில், சி.கே.நாயுடு தலைமையிலான இந்திய அணியில் கோபாலன் இடம்பிடித்தார். இரண்டு இன்னிங்ஸிலும் சேர்த்து 18 ரன், பந்துவீச்சில் 1 விக்கெட். போட்டி டிராவில் முடிந்தது.

அடுத்த டெஸ்ட் எங்கே தெரியுமா? அவரது சொந்த மைதானமான சேப்பாக்கத்தில். ஆனால் அந்த அணியில் கோபாலன் இல்லை. முகமது நிசார், அமர் சிங் என்ற இரண்டு பெரிய வேகப்பந்து வீச்சாளர்கள் இருந்த காலம் அது. மூன்றாவது ஆளுக்கு இடம் கிடைப்பது அவ்வளவு லேசில்லை.

ரஞ்சியின் முதல் பந்து

அதே ஆண்டு நவம்பர் 4-ம் தேதி சேப்பாக்கத்தில் ரஞ்சிக் கோப்பையின் முதல் போட்டி நடந்தது. மெட்ராஸும் மைசூரும் மோதின. இன்று வரை நடக்கும் அந்தத் தொடரின் முதல் பந்தை வீசியது கோபாலன்தான்.

மைசூர் 48, 59 ரன்களுக்குச் சுருண்டது. மெட்ராஸ் எடுத்தது 130. ஒரே நாளில் ஆட்டம் முடிந்தது. 11 விக்கெட் அள்ளிய ஏ.ஜி.ராம் சிங்கும் பின்னாளில் ஒரு டெஸ்ட்கூட ஆடாமலேயே போனார் என்பது தனிக்கதை.

தயான் சந்த்தோடு ஒரே அணியில்

கிரிக்கெட் ஒரு பக்கம் என்றால், ஹாக்கி இன்னொரு பக்கம். 1935-ல் நியூசிலாந்து சென்ற இந்திய ஹாக்கி அணியில் கோபாலன் இருந்தார். கேப்டன் தயான் சந்த். அந்தப் பயணத்தில் ஆடிய 48 போட்டிகளிலும் இந்தியாவுக்கே வெற்றி. அடித்த கோல்கள் 584. இப்படி ஓர் அணியில் இடம்பிடிப்பதே பெரிய விஷயம்.

1936: அந்த ஒரு முடிவு

இங்கேதான் சிக்கல். 1936 கோடையில் ஒரே நேரத்தில் இரண்டு கதவுகள் திறந்தன. ஒன்று, பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி. இன்னொன்று, இங்கிலாந்துக்கு கிரிக்கெட் பயணம். இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்க முடியும். கோபாலன் கிரிக்கெட்டைத் தேர்ந்தெடுத்தார்.

ஆனால் அந்தப் பயணம் கோஷ்டிப் பூசலில் சிக்கியது. கேப்டன் விஜயநகரம் மகாராஜ்குமார். முதல் டெஸ்டுக்கு முன்பே நட்சத்திர வீரர் லாலா அமர்நாத் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். மூன்று டெஸ்டுகளில் ஒன்றில்கூட கோபாலனுக்கு இடம் கிடைக்கவில்லை. இரண்டில் இந்தியா தோற்றது.

1936 ஆகஸ்ட் 15. லண்டன் ஓவல் மைதானத்தில் கடைசி டெஸ்ட் தொடங்கிய நாள். கோபாலன் ஆடும் அணியில் இல்லை. அதே நாளில் பெர்லினில் ஜெர்மனியை 8-1 என்று வீழ்த்தி இந்திய ஹாக்கி அணி தங்கம் வென்றது.

வாய்ப்பை விழுங்கிய போர்

அடுத்து வாய்ப்பு வந்திருக்காதா என்று கேட்கலாம். வரவே இல்லை. 1932 முதல் 1936 வரை இந்தியா ஆடியதே மொத்தம் 7 டெஸ்டுகள்தான். பிறகு இரண்டாம் உலகப் போர் குறுக்கே வந்தது. அடுத்த டெஸ்டை இந்தியா ஆடியது 1946-ல். அப்போது கோபாலனுக்கு வயது 37. ஒரு வேகப்பந்து வீச்சாளரின் நல்ல காலம் அதற்குள் முடிந்திருந்தது.

அதற்காக அவர் முடங்கிவிடவில்லை. மெட்ராஸுக்காகத் தொடர்ந்து ஆடினார். முதல்தரப் போட்டிகளில் அவர் எடுத்த விக்கெட்டுகள் 194. பிறகு தேசிய அணித் தேர்வாளராகவும் இருந்தார். தன்னைத் தேர்வு செய்யாத அதே நாற்காலியில் உட்கார்ந்து அடுத்த தலைமுறையைத் தேர்வு செய்தார்.

கிடைத்த மரியாதை

1952-53 சீசனில் மெட்ராஸ் அணிக்கும் இலங்கை அணிக்கும் இடையே ஒரு தொடர் தொடங்கியது. அதன் பெயரே கோபாலன் கோப்பை. இலங்கைக்கு டெஸ்ட் அந்தஸ்து கிடைத்தது 1981-ல்தான். அதற்கு முந்தைய ஆண்டுகளில் அந்நாட்டு வீரர்கள் தங்களை நிரூபித்துக்கொள்ள கிடைத்த முக்கியமான மேடைகளில் இதுவும் ஒன்று. 1964-ல் மத்திய அரசு கோபாலனுக்கு பத்மஸ்ரீ வழங்கியது.

2003 டிசம்பர் 21-ல் அவர் சென்னையில் காலமானார். பதிவுகளின்படி அப்போது உயிரோடு இருந்த டெஸ்ட் வீரர்களில் மிக மூத்தவர் அவர்தான். வயது 94.

ஸ்கோர்கார்டை மட்டும் பார்த்தால் 18 ரன், 1 விக்கெட்டோடு கதை முடிந்துவிடும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ரஞ்சி சீசனில் யாரோ ஓர் இளைஞன் புதுப் பந்தைக் கையில் வாங்கி ஓடிவருகிறான். அந்த வரிசையில் முதலில் ஓடிவந்தவர் மொறப்பாக்கத்துக்காரர்.