அடுப்படியில் நிறம் பார்க்கச் சொன்ன வைத்தியர்

உப்புவெளியில் இன்சுலின் போடும் ஒருவருக்கு மருந்து அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசமாகக் கிடைக்கிறது. குளுக்கோமீற்றரை வெளிநாட்டு உறவினர் யாராவது அனுப்பியிருப்பார்கள். ஸ்ட்ரிப்பைத்தான் பாமசியில் காசு கொடுத்து வாங்க வேண்டும். அதனால் கிளினிக் நாளில் எடுக்கும் ஒரேயொரு இரத்தப் பரிசோதனையோடு மாதத்தை ஓட்டுகிறவர்கள் பலர். அந்த இலக்கம் அன்றைய காலையை மட்டும்தான் சொல்லும். முந்தின இரவு சீனி இறங்கி, வியர்த்து, கை நடுங்கியது அதில் இராது.

ஊசி மட்டும் போதாது, சீனியின் அளவை நோயாளியே வீட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று நூறு வருடத்துக்கு முன்பே சொல்லிக்கொடுத்தவர்களில் ஒருவர் ரொபர்ட் டானியல் லோரன்ஸ். அவர் வைத்தியர். இன்சுலினால் உயிர் தப்பிய நோயாளியும் அவர்தான்.

1892இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் பிறந்தார். முதலாம் உலகப் போர்க்காலத்தில் இராணுவ வைத்தியராக இந்தியாவின் வடமேற்கு எல்லையில் கடமையாற்றி, வயிற்றுளைவோடு திரும்பினார். பிறகு லண்டன் கிங்ஸ் கல்லூரி வைத்தியசாலையில் அறுவைச் சிகிச்சை பயின்றார். 1920இல் பிரேதம் ஒன்றின் காதுப்பக்க எலும்பைச் செதுக்கிப் பழகும்போது சிராய் ஒன்று தெறித்துக் கண்ணில் பட்டது. கண்ணில் கிருமி தொற்றியது. அதற்காகப் பரிசோதித்தபோதுதான் நீரிழிவு இருப்பது தெரியவந்தது. அந்தக் கண்ணின் பார்வை பழுதுபட்டது, சத்திரசிகிச்சை நிபுணராகும் கனவும் அதோடு போனது.

அந்தக் காலத்தில் இதற்கு வைத்தியம் என்று இருந்தது பட்டினிதான். மாச்சத்தைக் குறைத்து, உடம்பை வற்றவிட்டு, சாவைக் கொஞ்சம் தள்ளிப்போடுவார்கள். வீட்டார் கண்முன்னே சாக விரும்பாத லோரன்ஸ், இத்தாலியின் புளோரன்ஸ் நகருக்குப் போய் அங்கே சிறிதாக வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தார். இதற்கிடையில், எங்கள் சனம் இன்று நிறைந்து வாழும் ரொறன்ரோவில், 1921இல் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. 1923 மே மாதம் கிங்ஸில் இருந்த நண்பர் ஜெப்ரி ஹரிசன் தந்தியடித்தார்: மருந்து வந்துவிட்டது, வேலை செய்கிறது, உடனே புறப்பட்டு வா. நரம்புகள் தளர்ந்து, உடல் மெலிந்திருந்த மனிதர் ஐரோப்பாவைக் காரில் கடந்து லண்டன் வந்து சேர்ந்தார். மே 31ஆம் திகதி முதல் ஊசி போடப்பட்டது.

அதன் பிறகு 45 வருடங்கள் வாழ்ந்தார். திருமணம் செய்தார், மூன்று ஆண் பிள்ளைகளுக்குத் தகப்பனானார். தன் உடம்பில் கற்றதை 1925இல் புத்தகமாக்கினார். வைத்தியர்களுக்கும் நோயாளிகளுக்கும் சேர்த்தே அதை எழுதினார். நோயாளி தன் வீட்டிலேயே சிறுநீரைச் சோதித்து, சாப்பாட்டையும் ஊசியையும் பொருத்திக்கொள்ளப் பழக வேண்டும் என்பது அவருடைய வழி.

சோதனை எங்களுக்குப் புதிதல்ல. சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்தவர்களுக்குப் பெனடிக்ற் கரைசல் நினைவிருக்கும். ஐந்து மில்லிலீற்றர் நீலக் கரைசலில் எட்டுத் துளி சிறுநீர் விட்டு, ஐந்து நிமிடம் கொதிநீரில் வைக்க வேண்டும். நீலம் மாறாவிட்டால் சீனி இல்லை. பச்சை, மஞ்சள், செம்மஞ்சள் என்று ஏறி, செங்கட்டி நிறம் வந்தால் நிறைய இருக்கிறது. அடுப்படியில் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஒரு பெரிய குறை இருந்தது. இரத்தச் சீனி டெசிலீற்றருக்கு ஏறக்குறைய 180 மில்லிகிராமைத் தாண்டினால்தான் பெரும்பாலானோருக்குச் சிறுநீரில் சீனி வரும். சீனி 100இல் இருந்தாலும் நீலம், மயங்கி விழப்போகும் 40இல் இருந்தாலும் அதே நீலம்.

லோரன்ஸின் நோயாளிகளில் ஒருவர் எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ். இருவரும் சேர்ந்து 1934இல் நீரிழிவாளர் சங்கத்தைத் தொடங்கினார்கள். பணமில்லாத நோயாளிக்கும் இன்சுலின் கிடைக்க வேண்டும் என்பது அதன் முக்கிய நோக்கம். இரண்டாம் உலகப் போரில் சாப்பாடு கூப்பனுக்கு வந்தபோது, பிரித்தானியாவின் நீரிழிவு நோயாளிகள் தங்கள் சீனிப் பங்கை விட்டுக்கொடுத்து, பதிலாகக் கூடுதல் இறைச்சியும் வெண்ணெயும் பெற்றார்கள். நிவாரண அட்டையோடு முகாம் வரிசையில் நின்று, எல்லோருக்கும் ஒரே மாவையும் சீனியையும் வாங்கியவர்களுக்கு இந்த ஏற்பாட்டின் பெறுமதி விளங்கும்.

1950இல் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனத்தின் முதல் தலைவரானார். 1968 ஓகஸ்ட் மாதம், 75 வயதில் காலமானார்.

வீட்டு மீற்றரை அவர் காணவில்லை. ஒரு துளி இரத்தத்தில் நிறம் மாறும் காகிதப் பட்டி அவர் இருக்கும்போதே வந்துவிட்டது. அந்த நிறத்தை இலக்கமாக வாசிக்கும் கருவி 1970இல் வந்தது. ஒரு கிலோவுக்கு மேல் பாரம், வைத்தியர்களுக்குத்தான் விற்றார்கள். நோயாளிகள் வீட்டிலேயே நம்பகமாக இரத்தம் பார்க்க முடியும் என்று லண்டன், நொட்டிங்ஹாம் வைத்தியர்கள் எழுதியது 1978இல்.

இன்று அந்தக் கருவி சட்டைப் பையில் அடங்கும். நிறம் பார்க்கத் தேவையில்லை, நாற்பதா நூறா என்பதைச் சில விநாடிகளில் இலக்கமாகவே காட்டும். உப்புவெளியில் ஸ்ட்ரிப் பெட்டியில் கடைசி இரண்டு மூன்று மிஞ்சும்போது, சாப்பாட்டுக்கு முன் பார்ப்பதை நிறுத்தி, இரவில் கை நடுங்கினால் பார்க்கலாம் என்று எடுத்து வைக்கிறார்கள்.