ஒற்றை அறையில் உருவான பிளேக் தடுப்பூசி: அறிவியலாளர் ஹாஃப்கினின் வாழ்க்கை

மும்பை பரேலில் உள்ள ஹாஃப்கின் ஆய்வு நிறுவனத்தைத் தோற்றுவித்தவர் வால்டெமார் ஹாஃப்கின். 1860 மார்ச் 15 அன்று ஒடெசா நகரில் பிறந்த இவர், பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் காலரா தடுப்பூசியை உருவாக்கிப் புகழ்பெற்றார்.

1896-இல் மும்பையைப் பிளேக் நோய் தாக்கியபோது அரசு அவரை வரவழைத்தது. கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறை, ஓர் எழுத்தர், மூன்று ஏவலர்கள். அவருக்குக் கிடைத்த உதவி அவ்வளவே. மூன்று மாதங்களில் தடுப்பூசியை ஆயத்தம் செய்து, 1897 ஜனவரி 10 அன்று தம் உடலிலேயே செலுத்திச் சோதித்தார். அதன் பயனை உணர்ந்த அரசு, 1899-இல் பரேலின் பழைய ஆளுநர் மாளிகையை ஆய்வுக்கூடமாக்கியது.

1902-இல் பஞ்சாபின் முல்கோவால் கிராமத்தில் தடுப்பூசி செலுத்திக்கொண்ட 19 பேர் டெட்டனஸ் நோயால் இறந்தனர். பழி ஆய்வுக்கூடத்தின் மீது விழுந்தது. ஹாஃப்கின் பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டார். ரொனால்ட் ராஸ் உள்ளிட்ட அறிவியலாளர்கள் வாதாடியதன் பயனாக 1907-இல் பழி நீங்கியது. எனினும் அவருக்குக் கல்கத்தாவில்தான் பணி கிடைத்தது. பரேல் ஆய்வுக்கூடம் மீண்டும் அவர் பொறுப்பில் வரவில்லை.

1925-இல் அந்த ஆய்வுக்கூடத்திற்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் அவர் காலமானார்.

அவர் பெயர் தாங்கிய அரசு மருந்து உற்பத்திக் கழகத்திற்கு, கொரோனா தடுப்பூசித் தயாரிப்புக்கென 2021-இல் மத்திய அரசு 65 கோடி ரூபாயும், மகாராஷ்டிர அரசு 94 கோடி ரூபாயும் அறிவித்தன.